கபிலக் கொழுப்பும் ஓமோன் வாங்கிகளும்

மாணவர்களே, மார்கழி, தை மாதப் பனியில் அதிகாலை வகுப்புக்குச் சைக்கிளில் செல்லும்போது உங்கள் உடல் நடுங்குவதுண்டு. தசைகள் விரைவாகச் சுருங்கித் தளர்வதால் வெப்பம் உண்டாகின்றது. ஆனால் பிறந்து சில நாட்களேயான குழந்தையால் இவ்வாறு நன்கு நடுங்க முடியாது. அவ்வாறாயின் அது தனது உடல் வெப்பநிலையை 37 பாகை செல்சியசு அளவில் பேணுவது எவ்வாறு? அதற்கு உதவுவது கபிலக் கொழுப்பிழையமாகும்.

1. இருவகைக் கொழுப்பிழையங்கள்

வெண் கொழுப்பு: கலத்தில் ஒரு பெரிய கொழுப்புத் துளியும் சில இழைமணிகளும் உண்டு. இது சக்தியைச் சேமிக்கும்.

கபிலக் கொழுப்பு: கலத்தில் பல சிறு கொழுப்புத் துளிகளும் ஏராளமான இழைமணிகளும் உண்டு. இழைமணிகளிலுள்ள இரும்பைக் கொண்ட புரதங்களே கபில நிறத்துக்குக் காரணம். இது சக்தியை வெப்பமாக வெளிவிடும். பிறந்த குழந்தையில் தோள்பட்டை என்புகளுக்கிடையிலும் கழுத்திலும் சிறுநீரகங்களைச் சுற்றியும் காணப்படும். குறைமாதக் குழந்தையில் இது குறைவு. எனவேதான் அக்குழந்தையைத் தாயின் தோலோடு சேர அணைத்து வைக்கின்றனர்.

2. வாங்கி என்றால் என்ன?

வானொலி அலைகள் குடாநாடெங்கும் பரவினாலும், அந்த அலைவரிசைக்குத் திருப்பிய வானொலி மட்டுமே பாடும். அதுபோல, ஓமோன் குருதியுடன் உடலெங்கும் சென்றாலும் அதற்குரிய வாங்கியுள்ள கலம் மட்டுமே துலங்கும். வாங்கி என்பது குறித்த ஓமோனுடன் பொருந்தும் புரதமாகும். அதிரினலினுக்குரிய வாங்கிகள் பற்றிய ஆய்வுகளுக்காக ரொபேட் லெவ்கோவிற்சு, பிறையன் கோபில்கா ஆகியோர் 2012இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர்.

3. வெப்பம் உண்டாகும் படிமுறை

(அ) தோலிலுள்ள வாங்கிகள் குளிரை உணரும்.
(ஆ) மூளையின் பரிவகக்கீழுக்குக் கணத்தாக்கம் செல்லும்.
(இ) பரிவு நரம்புகளின் முடிவிடங்களில் நோரதிரினலின் வெளிவிடப்படும்.
(ஈ) அது கபிலக் கொழுப்புக் கலமென்சவ்விலுள்ள பீற்றா வகை வாங்கிகளுடன் இணையும்.
(உ) கலத்தினுள் கொழுப்பு உடைந்து கொழுப்பமிலங்கள் உண்டாகும்.
(ஊ) இவை இழைமணிகளில் ஒட்சியேற்றப்படும். வழமையாக இச்சக்தியின் ஒரு பகுதி அடினோசின் முப்பொசுபேற்றில் சேமிக்கப்படும். இங்கோ இழைமணியிலுள்ள சிறப்பான புரதமொன்று அச்சேமிப்பைத் தவிர்ப்பதால் சக்தி வெப்பமாக வெளிப்படும்.

4. தைரொட்சினின் பங்கு

தைரொட்சினிலிருந்து பெறப்படும் ஓமோன் கலத்தின் கருவிலுள்ள வாங்கியுடன் இணைந்து, மேற்கூறிய சிறப்புப் புரதத்தின் உற்பத்தியைக் கூட்டும். தைரொட்சினை ஆக்க அயடீன் தேவை. இலங்கையில் 1995இலிருந்து உணவு உப்புக்கு அயடீன் சேர்க்கப்படுவதன் அவசியத்தை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

5. சக்திச் சமநிலை

உள்ளெடுக்கும் சக்தி, செலவிடும் சக்தியை விட அதிகமாயின் மிகுதி வெண் கொழுப்பாகச் சேரும். வளர்ந்தோரிலும் தொழிற்படும் கபிலக் கொழுப்பு உண்டென்பதை 2009இல் வெளியான ஆய்வுகள் உறுதிப்படுத்தின. நெதர்லாந்தின் லெய்டன் நகர ஆய்வாளர்கள் தென்னாசிய வம்சாவளி இளைஞரில் இது குறைவாக இருப்பதாக 2014இல் அறிவித்தனர். நம்மவரிடையே நீரிழிவு அதிகமாவதற்கு இதுவும் ஒரு காரணமோ என்ற கேள்வி இதனால் எழுந்தது. எனினும் அங்கு ஆராயப்பட்டோர் மிகச் சிலரே. ஆகவே இதனை முடிந்த முடிவாகக் கொள்ளலாகாது. கபிலக் கொழுப்பை நம்பி உடற்பயிற்சியைக் கைவிடுவதும் தவறாகும்.

மாதிரி வினா

குருதியில் இன்சுலின் இருந்தும் ஒருவருக்கு நீரிழிவு ஏற்படுவது எவ்வாறு?

விடை: இன்சுலின் வாங்கியுடன் இணைந்த பின்னரும் இலக்குக் கலங்கள் போதியளவு துலங்காவிடின் குளுக்கோசு உள்ளெடுக்கப்படுவது குறையும். எனவே குருதிக் குளுக்கோசு மட்டம் உயரும். இது இரண்டாம் வகை நீரிழிவின் முக்கிய இயல்பாகும்.

கவனிக்க: “ஓமோன் குறைந்தது” என்று மட்டும் எழுதினால் விடை முழுமையாகாது. சுரக்கும் இடம், செல்லும் வழி, வாங்கி, துலங்கல் ஆகிய நான்கையும் எண்ணிப் பார்த்த பின்னரே விடை எழுதுங்கள். உங்கள் வீட்டில் நீரிழிவுக்கு மருந்தெடுக்கும் பெரியவருக்கும் இதை எளிமையாக எடுத்துக் கூறுங்கள்; பாடமும் மனதிற் பதியும்.