தொழிலகச் செயல்முறைக் கட்டுப்பாட்டு மென்பொருள் வடிவமைப்பு

தொழிலகச் செயல்முறைக் கட்டுப்பாட்டு மென்பொருள் வடிவமைப்பு என்பது ஆலைகளில் வெப்பநிலை, அழுத்தம், பாய்வு, திரவ மட்டம் ஆகியவற்றை வேண்டிய அளவில் வைத்திருக்கும் கணினி நிரல்களை உருவாக்கும் துறையாகும். 1959-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள போர்ட் ஆர்தர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் ஆர்.டபிள்யூ.-300 என்ற கணினி இப்பணியில் அமர்த்தப்பட்டது. இத்துறையின் தொடக்ககால மைல்கற்களில் அது ஒன்று.

கணக்கு மென்பொருளில் தவறான பதிவைத் திருத்திக்கொள்ளலாம். கொதிகலனில் எல்லை மீறி ஏறிய அழுத்தத்தை அப்படித் திருத்த முடியாது. எனவே இதைக் கற்பவர் நிரல் மொழிக்கு முன்பாகச் செயல்முறையை அறிந்துகொள்ள வேண்டும்.

தொட்டிப் பயிற்சி

பெரும்பாலும் முதற்பயிற்சி ஒரு நீர்த்தொட்டிதான். மட்ட உணரி நீரின் அளவைச் சொல்லும். நிரல் அதைப் பார்த்து உள்வரும் குழாயின் வால்வைத் திறக்கும் அல்லது மூடும். உணரி அனுப்பும் மின்னோட்டம் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரை இருக்கும். தொட்டி காலி என்றால் 4, நிறைந்தால் 20. சுழியில் தொடங்காததற்குக் காரணம் உண்டு. கம்பி அறுந்தால் மின்னோட்டம் சுழியாகிவிடும். சுழிக்குப் பொருள் ‘காலி’ என்றிருந்தால் நிரல் வால்வை முழுதாகத் திறந்து தொட்டியை வழியவிடும். 4-க்கு வெகுவாகக் கீழே வரும் அளவைப் பழுது என்று கொண்டு, வால்வைப் பாதுகாப்பான நிலைக்குக் கொண்டுசெல்லும் வரிகளை வடிவமைப்பாளர்தான் எழுத வேண்டும். மாணவர்கள் அடிக்கடி விட்டுவிடுவது இந்த வரிகளையே.

அடுத்து வருவது பி.ஐ.டி. கட்டுப்பாடு. இது வேண்டிய அளவுக்கும் உள்ள அளவுக்கும் இடையிலான பிழையை மூன்று வகையில் பயன்படுத்துகிறது: இப்போதைய பிழை, இதுவரை சேர்ந்த பிழை, பிழை மாறும் வேகம். சூத்திரத்தை நிரலாக்கச் சில வரிகளே போதும். சிக்கல் சேர்ந்த பிழையில் இருக்கிறது. வால்வு முழுதாகத் திறந்தும் மட்டம் உயரவில்லை என்றால் நிரல் பிழையைக் கூட்டிக்கொண்டே போகும். பிறகு தொட்டி நிறைந்தாலும், கூட்டிவைத்தது கரையும் வரை வால்வு மூடாது. வால்வு எல்லையைத் தொட்டதும் கூட்டலை நிறுத்துவது எளிய தீர்வு.

காலத்தாழ்வு இன்னொரு பாடம். கீசரிலிருந்து நீண்ட குழாயில் வரும் வெந்நீருக்குப் பொறுமையின்றிக் குழாயைத் திருகியவர்களுக்கு இது விளங்கும்: முதலில் குளிர்ந்த நீர், பிறகு சுடும் நீர்.

இத்தகைய நிரல்கள் பல ஆலைகளில் பி.எல்.சி. எனப்படும் கட்டுப்படுத்திகளில் இயங்குகின்றன. அவை உள்ளீடுகளைப் படித்து, நிரலை இயக்கி, வெளியீடுகளை எழுதும் சுற்றை இடைவிடாமல் திரும்பச் செய்கின்றன. இவற்றுக்கான ஏணிப்பட மொழி ரிலே சுற்றுப்படங்களைப் போன்றே அமைந்தது. ஆலை மின்பணியாளர்கள் அதைப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கவில்லை.

மில்ஃபோர்டு ஹேவன் விபத்து

கட்டுப்பாட்டு அறைத் திரையும் வடிவமைப்பின் பகுதியே. 1994 ஜூலை 24 அன்று பிரித்தானியாவின் வேல்ஸில் மில்ஃபோர்டு ஹேவன் சுத்திகரிப்பு ஆலையில் இது தெளிவானது. மின்னல் புயலால் ஆலையின் இயக்கம் குலைந்திருந்தது. மூடியிருந்த ஒரு வால்வைத் திரை ‘திறந்துள்ளது’ என்று காட்டியது. வெளியேற வழியில்லாத கலனுக்குள் எண்ணெய் தொடர்ந்து சென்றது. உள்ளே வருவதையும் வெளியே போவதையும் ஒருங்கே காட்டும் திரை எதுவும் இல்லை. வெடிப்புக்கு முந்தைய 11 நிமிடங்களுக்குள் இரண்டு இயக்குநர்கள் முன்னே 275 எச்சரிக்கைகள் வந்து குவிந்தன. ஏறத்தாழ 20 டன் எரிபொருள் கசிந்து வெடித்தது. 26 பேர் காயமடைந்தனர். உயிரிழப்பு நேரவில்லை.

எச்சரிக்கையைச் சேர்ப்பது நிரலாளருக்கு ஒரு வரி வேலை. அதனால்தான் அவை பெருகுகின்றன. 1999-இல் பிரித்தானியாவில் வெளியான இ.இ.எம்.யூ.ஏ. 191 வழிகாட்டி, இயல்பான இயக்கத்தில் ஓர் இயக்குநருக்குப் பத்து நிமிடத்துக்கு ஒன்றுக்கும் குறைவான எச்சரிக்கையே ஏற்கத்தக்கது என்கிறது. ஒவ்வோர் எச்சரிக்கைக்கும் இயக்குநர் செய்ய வேண்டிய செயல் ஒன்று இருக்க வேண்டும். அப்படிச் செய்ய எதுவும் இல்லாதது பதிவேட்டில் இருந்தால் போதும்; ஒலி எழுப்பத் தேவையில்லை.