கடலடி நகரமும் நம்முடைய கண்டமும்

2001 மே மாதம் அன்றைய மத்திய அமைச்சர் முரளி மனோகர் ஜோஷி ஓர் அறிவிப்புச் செய்தார். குஜராத்தின் காம்பே வளைகுடாவில், 30, 40 மீட்டர் ஆழத்தில் ஒரு பழைய நகரம் புதைந்து கிடக்கிறதாம். கண்டுபிடித்தது சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம். அவர்கள் போனது நகரம் தேடியல்ல, கடல் மாசை அளக்க. 2002 ஜனவரியில் வயதும் சொல்லப்பட்டது: 9500 ஆண்டுகள். அதாவது ஹரப்பாவின் பெருநகரங்களுக்கும் ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டு முன்பு.

காவிக் கட்டுக்கதை என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது சுலபம். ஏன் ஏற்க முடியாது என்று தெரிந்து தள்ளுவதுதான் நமக்கு உதவும்.

முதலில் அந்தப் படங்கள். கப்பலிலிருந்து இழுத்துச் செல்லப்படும் சோனார் கருவி பக்கவாட்டில் ஒலியை அனுப்பி, எதிரொலியைப் படமாக்குகிறது. அது புகைப்படம் அல்ல, வாசிக்கப்படவேண்டிய ஒரு பிரதி. அதில் தெரிந்த கோடுகளும் சதுரங்களும் தெருக்கள், குளங்கள் என்று வாசிக்கப்பட்டன. ஆனால் நீரோட்டம் மணலை வரிவரியாய் ஒதுக்கும். பாறை நேர்கோட்டில் பிளக்கும். கருவியே சில கோடுகளை உண்டாக்கும். இயற்கைக்கு நேர்கோடு போடத் தெரியாது என்று யார் சொன்னது?

அடுத்தது வயது. 9500 என்ற எண் வந்தது ஒரு மரத்துண்டிலிருந்து. கரிமக் கணிப்பு சொல்வது அந்த மரம் எப்போது செத்தது என்பதை மட்டும்தான். அந்தத் துண்டு அகழ்ந்து எடுக்கப்பட்டதல்ல, கடலடியிலிருந்து வாரி எடுக்கப்பட்டது. நர்மதை, தபதி, மாஹி, சபர்மதி எல்லாம் வந்து விழுகிற வளைகுடா அது. ஓதம் பத்து மீட்டர் அளவுக்கு ஏறி இறங்குகிற இடம். எந்தக் காலத்து மரமும் எங்கிருந்தும் வந்து கிடக்கலாம். எந்த அடுக்கில், எதோடு சேர்ந்து கிடந்தது என்று தெரியாத மரத்துக்குத் தன் வயது உண்டு. நகரத்தின் வயது அதனிடம் இல்லை.

அன்று கடல் மட்டம் தாழ்ந்திருந்தது, அங்கே மனிதர்கள் நடமாடியிருக்கலாம். சரி, வைத்துக்கொள்வோம். நடமாடினார்கள் என்பதிலிருந்து நகரம் கட்டினார்கள் என்பதற்கு எப்படித் தாவுவது? அந்தத் தாவலைச் செய்வது தொல்லியல் அல்ல, அதிகாரம். அகழ்வாய்வுக்கு முன்பே அமைச்சரின் அறிவிப்பு வந்துவிட்டது. பாடநூல்களைத் திருத்தி எழுதிக்கொண்டிருந்த ஓர் அரசுக்கு அந்தப் பழமை தேவைப்பட்டது.

இதுவரை நண்பர்கள் தலையாட்டுவார்கள். குமரிக்கண்டம் என்றால்தான் முகம் மாறுகிறது. எம்.ஏ. தேர்வில் நானே அதை வரலாறு என்று எழுதி மதிப்பெண் வாங்கியவன். பழைய உரைகளில் கடல்கோள் பற்றிய செய்தி உண்டு. ஆனால் கண்டம் எங்கிருந்து வந்தது? மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒத்த விலங்கினங்கள் இருப்பதை விளக்க, ஸ்கிளேட்டர் என்ற ஆங்கில விலங்கியலாளர் 1864இல் ஊகித்த நிலம்தான் லெமூரியா. கண்டங்களே நகர்கின்றன என்று நிறுவப்பட்டபின் அறிவியல் அதைக் கைவிட்டது. நாம் விடவில்லை.

2025இல் கீழடி அறிக்கையைத் திருத்தச் சொல்லி மத்தியத் தொல்லியல் துறை திருப்பியனுப்பியபோது கொதித்தோம். நியாயமான கொதிப்பு. அங்கே நம் வாதம் என்ன? மண்ணடுக்கு இருக்கிறது, அடுக்கோடு சேர்ந்த பொருள் இருக்கிறது, கரிமக் கணிப்பு இருக்கிறது என்பதுதானே! காம்பேயில் இல்லாதது இவைதான். குமரிக்கண்டத்திலும் இல்லை. இந்த அளவுகோலை அவர்களுக்கு மட்டும் நீட்டிவிட்டு நாம் மடக்கி வைத்துக்கொண்டால், கீழடிக்காகப் பேசும்போது நம் கையில் என்ன மிஞ்சும்?