கடலடி மண்ணும் ஆசிரியர் கையும்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையை நம்மில் எவரும் மறந்திருக்க முடியாது. விடுமுறை கழிந்து பள்ளி திறந்ததும், சுமத்ராத் தீவுக்கருகே நிலத்தட்டு ஒன்று மற்றொன்றின் கீழ் நழுவியமையால் அவ்வலை பிறந்தது என்று என் வகுப்பில் விளக்கினேன். ஒரு சிறுவன் எழுந்து, “ஐயா, தட்டு நகர்வதைப் பார்த்தவர் யார்?” என்று கேட்டான். “புத்தகத்தில் இருக்கிறது” என்றேன். அவன் உட்கார்ந்துவிட்டான். என் விடை அவன் வாயை அடக்கிற்று, ஐயத்தை அடக்கவில்லை.

பிழை அவனுடையதன்று. கடலடி மண்ணை ஒரு முறையேனும் தொட்டறியாத நான், தொட்டவர்கள் எழுதியதை ஒப்புவித்தேன், அவ்வளவே. இக்குறையைத் தீர்ப்பது எப்படி என்று எண்ணியபொழுதுதான், அமெரிக்க அறிஞர்கள் ஆசிரியர்களுக்கென நடத்திய ஒரு பயிற்சியைப் பற்றி அறிந்தேன். அதன் பெயர் ‘ஸ்கூல் ஆஃப் ராக்’, அதாவது பாறைப் பள்ளி. 2005ஆம் ஆண்டில் அது முதன்முதலாக நடைபெற்றது. வகுப்பறை எது தெரியுமா? கடலடியைத் துளையிட்டு ஆராயும் ‘ஜாய்டெஸ் ரெசல்யூஷன்’ என்னும் கப்பல்! கனடாவின் விக்டோரியாத் துறைமுகத்திலிருந்து மெக்சிகோவின் அகாபுல்கோவுக்கு அது சென்ற வழியில், ஆசிரியர்கள் மாணவர்களாயினர்.

அக்கப்பலின் நடுவே உயர்ந்த கோபுரம் ஒன்று இருந்தது. அதிலிருந்து குழாய்களை ஒன்றோடொன்று இணைத்துக் கடலுள் இறக்குவர். குழாய் கடலடியைத் துளைத்து, சுமார் ஒன்பதரை மீட்டர் நீளமுள்ள மண் உருளையை மேலே கொணரும். அதனை ஒன்றரை மீட்டர்த் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் நெடுக்காக இரண்டாகப் பிளப்பர். ஒரு பாதி ஆய்வுக்கு, மறுபாதி பாதுகாப்புக்கு.

பயிற்சியில் விரிவுரைக்கு அடுத்து வேலையும் உண்டு. ஆசிரியர் பல்குத்தும் குச்சியால் சிறிதளவு மண்ணை எடுத்து, கண்ணாடிச் சில்லில் ஒரு துளி நீருடன் பரப்பி, உலர்த்தி, நுண்பெருக்கியில் வைத்துப் பார்க்கிறார். வெறுஞ் சேறு என்று தோன்றியது, எண்ணற்ற நுண்ணுயிர்களின் சுண்ண ஓடுகளாய் விரிகிறது. இன்ன வகை ஓடு இன்ன காலத்தது என்று அறிஞர் கணித்துள்ளனர். மண்ணில் புதைந்த நாணயத்தைக் கொண்டு அரசனின் காலத்தை அறிவது போன்றதே இது.

இனி, அச்சிறுவனின் வினாவுக்கு வருவோம். 1968ஆம் ஆண்டின் இறுதியில் ‘குளோமர் சாலஞ்சர்’ என்னும் கப்பல் தென் அட்லாண்டிக் கடலில் வரிசையாகத் துளையிட்டது. அக்கடலின் நடுவே மலைத்தொடர் ஒன்று மூழ்கிக் கிடக்கிறது. பாறையை ஒட்டிய அடிமண்ணின் வயது, அத்தொடருக்கு அருகில் குறைவாகவும், விலக விலக மிகுதியாகவும் இருந்தது. இவ்வளவைகளைக் கொண்டு ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு பயிற்சி அமைத்துள்ளனர். தூரத்தை ஓர் அச்சிலும் வயதை மற்றோர் அச்சிலும் குறித்தால், புள்ளிகள் ஏறத்தாழ ஒரே நேர்கோட்டில் அமைகின்றன. கணக்கிட்டால், ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர். பத்து இலட்சம் ஆண்டுகளில் 20 கிலோமீட்டர்! தட்டு நகர்வதைக் கண் காணவில்லை. எனினும் அது நகர்ந்த சுவட்டைக் கை வரைந்துவிடுகிறது.

2016ஆம் ஆண்டில் ஜாய்டெஸ் ரெசல்யூஷன் கொழும்பிலிருந்து புறப்பட்டு, சுமத்ராவுக்கு மேற்கே துளையிட்டது. அங்கே படிந்திருப்பது பெரும்பாலும் இமயமலையிலிருந்து ஆறுகள் அடித்துச் சென்ற வண்டல். அவ்வண்டலின் கனிமங்களில் கட்டுண்டிருந்த நீர், தட்டின் விளிம்பை அடையுமுன்பே ஆழத்தின் வெப்பத்தால் வெளியேறி, மண் இறுகிவிட்டது என்று ஆய்வாளர் கண்டனர். 2004இல் நழுவல் அத்துணைப் பெரிதாகக் கடலடியின் மேற்பகுதி வரை எட்டியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது அவர்தம் முடிபு. நம் கரையில் அத்தனை உயிர்களைக் கொண்ட அலையின் வரலாறு, ஒரு பிடி மண்ணில் எழுதியிருந்தது!

2024ஆம் ஆண்டில் ஒப்பந்தம் முடிவுற்று, அக்கப்பலின் ஆராய்ச்சிப் பணி நின்றது. ஆயினும் உருளைகளின் பாதுகாத்த பாதிகள் அமெரிக்காவின் டெக்சஸிலும், ஜெர்மனியின் பிரேமனிலும், ஜப்பானின் கோச்சியிலும் குளிரறைகளில் காத்திருக்கின்றன. நாம் இன்னும் கேட்டறியாத வினாவை நாளை ஒருவன் கேட்பான் என்னும் நம்பிக்கையே அந்தப் பாதி.

அன்று வினவிய அச்சிறுவனுக்கு நானும் ஒரு பாதியை விட்டுவைத்திருக்க வேண்டும். கப்பல் என்னிடம் இல்லை. ஆனால் அந்த எண்களும், கட்டமிட்ட ஒரு தாளும், ஒரு பென்சிலும் போதும். இன்று அவன் கேட்டால், அவற்றை அவன் முன் வைத்து, “நீயே வரைந்து பார், தம்பி” என்பேன்.