ஆல்டர்னேட்டரை மாற்றியும் அணையாத பேட்டரி விளக்கு... குற்றவாளி யார்?

பேட்டரி புதுசு. ஆல்டர்னேட்டரும் புதுசு. ஆனாலும் இரண்டே நாளில் டேஷ்போர்டில் அதே சிவப்பு பேட்டரி விளக்கு எரிகிறது. ஸ்கேனரை மாட்டினால் அதே எரர் கோடு! இப்படி ஒரு காரைப் பார்க்காத ஒர்க் ஷாப் இருக்காது. கார்க்காரர் மெக்கானிக்கைத் திட்டுவார். மெக்கானிக் பார்ட்ஸ் கடைக்காரரைத் திட்டுவார். உண்மையான குற்றவாளியோ, பல நேரங்களில் பச்சை பூத்த ஒரு கனெக்டராகவோ, துருப்பிடித்த ஓர் எர்த் வயராகவோ இருக்கும்.

கோடு உண்மையில் என்ன சொல்கிறது?

இன்ஜின் ஓடும்போது பெல்ட் மூலம் சுழன்று மின்சாரம் தயாரிப்பதுதான் ஆல்டர்னேட்டரின் வேலை. ஹெட்லைட், ஏ.சி ப்ளோயர், ஃபியூயல் பம்ப் எல்லாவற்றுக்கும் கரன்ட் கொடுத்து, பேட்டரியையும் அதுதான் சார்ஜ் செய்கிறது. அது நின்றுபோனால், பேட்டரியில் இருக்கும் சார்ஜ் தீரும்வரைதான் கார் ஓடும். இரவில் ஹெட்லைட் எரியும்போது அந்தத் தூரம் இன்னும் குறையும். குடும்பத்தோடு ஹைவேயில் நடுராத்திரி நிற்கும் நிலை இப்படித்தான் வருகிறது.

பி0562 என்றால், காரின் வோல்ட்டேஜ் குறைவு. பி0620 என்றால், ஆல்டர்னேட்டரின் கன்ட்ரோல் சர்க்யூட்டில் கோளாறு. பி0622 என்றால், ஃபீல்டு சர்க்யூட்டில் கோளாறு. கவனியுங்கள், இந்த மூன்றில் எதுவுமே ‘ஆல்டர்னேட்டரை மாற்று’ என்று சொல்லவில்லை. சர்க்யூட் என்றால் வயர், கனெக்டர், ஃபியூஸ், எர்த், இ.சி.யு எல்லாம் சேர்ந்ததுதான்.

முதலில் பார்க்க வேண்டியவை

சில மணி நேரம் ஓடாமல் நின்ற காரில், மல்டிமீட்டரை பேட்டரியில் வைத்தால் சுமார் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதி சார்ஜ்தான் இருக்கிறது. முதலில் முழுதாகச் சார்ஜ் செய்துவிட்டுத்தான் அடுத்த சோதனை. இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.5 முதல் 14.7 வோல்ட் வரை வரலாம். புதிய கார்கள் பலவற்றில், தேவைக்கேற்ப சார்ஜிங்கை இ.சி.யுவே கூட்டிக் குறைக்கும். அதனால் ஹெட்லைட், ப்ளோயரைப் போட்டுவிட்டுப் பார்ப்பதுதான் சரி. பெல்ட் தளர்ந்திருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்பதை இன்ஜினை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

பலர் தவறவிடும் சோதனை

ஆல்டர்னேட்டர் நன்றாக இருந்தும் பேட்டரியில் வோல்ட்டேஜ் குறைகிறதா? இடையில் எங்கோ கரன்ட் தடைபடுகிறது. இதற்குத்தான் ‘வோல்ட்டேஜ் ட்ராப்’ சோதனை. இன்ஜின் ஓட, விளக்குகள் எரிய, மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் பெரிய அவுட்புட் போல்ட்டிலும், மறுமுனையை பேட்டரியின் பாசிட்டிவ்விலும் வைக்க வேண்டும். அரை வோல்ட்டைத் தாண்டினால் வயரிலோ, ஃபியூஸ் இணைப்பிலோ சிக்கல். அடுத்து, ஆல்டர்னேட்டர் பாடிக்கும் பேட்டரி நெகட்டிவ்வுக்கும் இடையில் பாருங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் போனால் எர்த்தைச் சுத்தம் செய்து இறுக்க வேண்டும்.

‘வயரை பீப் வைத்துப் பார்த்தேன், நல்லாத்தான் இருக்கு’ என்று சிலர் சொல்வார்கள். மீட்டர் அனுப்புவது மிகச் சிறிய கரன்ட். பத்து இழையில் ஒன்பது அறுந்திருந்தாலும் பீப் ஒலிக்கும். ஆனால், 50 ஆம்பியர் ஓடும்போது 0.02 ஓம் தடை இருந்தாலே 1 வோல்ட் காணாமல் போய்விடும்!

விட்டுவிட்டு வரும் கோளாறா?

ஆல்டர்னேட்டரின் பின்பக்கம் இருக்கும் சின்ன கனெக்டரைச் சந்தேகப்படுங்கள். மழைநீர், வாட்டர் வாஷ், எலிக்கடி... மூன்றுமே அதற்கு எதிரிகள். அதன் வயரை லேசாக அசைக்கும்போது விளக்கு எரிந்து அணைந்தால் இடம் தெரிந்துவிட்டது. மீட்டரை ஏ.சி வோல்ட்டுக்கு மாற்றி பேட்டரியில் வைக்கும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், டயோடு போயிருக்க வாய்ப்பு அதிகம். அப்போது ஆல்டர்னேட்டரைக் கழற்றுவதில் நியாயம் இருக்கிறது.

இதை மட்டும் செய்யாதீர்கள்!

இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்ப்பது பழைய காலத்து டெக்னிக். இன்றைய கார்களில் அப்படிச் செய்தால் வோல்ட்டேஜ் திடீரென எகிறி, இ.சி.யுவே பழுதாகலாம். ஓடும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் துப்பட்டா, தொளதொள சட்டைக் கையோடு குனியாதீர்கள். அவுட்புட் போல்ட்டில் எப்போதும் கரன்ட் இருக்கும். ஸ்பேனர் வைக்கும் முன், இன்ஜினை அணைத்துவிட்டு பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றிவிடுங்கள்.

கோடை அழிக்கும் முன், அதனுடன் பதிவான விவரங்களைக் குறித்து வைப்பது நல்லது. எந்த வேகத்தில், எந்தச் சூட்டில் கோளாறு வந்தது என்பதற்கான தடயம் அதில்தான் இருக்கும்.

இதையெல்லாம் நீங்களே செய்ய வேண்டும் என்பதில்லை. ஆல்டர்னேட்டரை மாற்றச் சம்மதிக்கும் முன், ‘வோல்ட்டேஜ் ட்ராப் பார்த்தீங்களாண்ணே?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பெரிய செலவு ஒன்று மிச்சமாகலாம்!