அயல்நாட்டுப் பிராணிகளும் நம் கோழிப் பண்ணைகளும்

சிங்கப்பூரிலோ வளைகுடா நாட்டிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள் ஊர் திரும்பும்போது ஒரு நாய்க்குட்டியையோ பஞ்சவர்ணக் கிளியையோ கொண்டுவர விரும்பினால், சர்க்கார் ஏன் இத்தனை காகிதங்களைக் கேட்கிறது என்று அங்கத்தினர் பலர் நம்மை வினவுவதுண்டு. ஒரு கிளிக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் எண்ணலாம். கோழியை நம்பிக் கடன் வாங்கிக் கொட்டகை போட்டிருக்கும் நாமக்கல் வட்டாரத்தாருக்கு அந்தச் சம்பந்தம் மிகவும் நெருங்கியது.

1971-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் தென் கலிபோர்னியாவில் முட்டைக் கோழிகள் கூட்டங்கூட்டமாக மடியத் தொடங்கின. நோய் நமக்குப் புதியதன்று. வெள்ளைக் கழிச்சல் என்றும் ராணிக்கெட் என்றும் நாம் அழைக்கும் அதே நோய், மிகக் கொடிய வடிவில் வந்திருந்தது. வீட்டில் வளர்ப்பதற்காக அயல்நாட்டிலிருந்து வரவழைத்த கிளியினப் பறவைகளே அதனைக் கொண்டுவந்தன எனக் கண்டறிந்தார்கள். அதனை வேரறுக்க 1974 வரை ஆயிற்று. ஏறக்குறைய 1 கோடியே 20 லட்சம் பறவைகள் அழிக்கப்பட்டன. அரசாங்கத்துக்கு ஆன செலவு சுமார் 5 கோடியே 60 லட்சம் டாலர். அந்தக் கிளிகளைக் கொண்டுவந்தவர் எவருக்கும் கோழிப் பண்ணைக்காரர்மேல் பகை இருந்ததில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

இதில் ஆழ்ந்து கவனிக்கத்தக்க விஷயம் ஒன்றுண்டு. கிளி வகைகளிற் சில, நோயின் அடையாளம் எதுவும் காட்டாமலே ஓராண்டுக்கும் மேலாகக் கிருமியை எச்சத்தில் வெளியிட்டு வரும். ஆகவே "பறவை நன்றாகத்தானே இருக்கிறது" என்பது ஒரு சாட்சியே ஆகாது. தடுப்பூசிதான் போட்டிருக்கிறோமே எனலாம். தடுப்பூசி பெற்ற கோழி சாகாமல் தப்பும்; ஆனால் கிருமியை ஏற்று மற்றவற்றுக்குப் பரப்பவும் கூடும். பக்கத்துக் கொட்டகையில் ஊசி போடத் தவறிய கோழிகள் இருந்தால் விளைவு என்னவென்று நாம் விவரிக்க வேண்டியதில்லை.

நெசவாளர்கள் அங்கோரா முயலின் மென்மையான உரோமத்தை அறிவார்கள். நம் மாநிலத்திலேயே கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலுள்ள மத்திய ஆராய்ச்சி நிலையத்தில் செம்மறியாடுகளையும் முயல்களையும் வளர்த்து ஆராய்கிறார்கள். 1984-இல் சீனாவின் ஜியாங்சு மாகாணத்தில், ஜெர்மனியிலிருந்து தருவிக்கப்பட்ட அங்கோரா முயல்களிடையே அதுவரை எவரும் அறியாத ஒரு நோய் தோன்றியது. காய்ச்சல் கண்ட ஓரிரு நாளில், மூக்கில் இரத்தம் கசிய, முயல்கள் மாண்டன. ஓராண்டுக்குள் ஒரு கோடிக்கு மேல் அழிந்தன. இரண்டே ஆண்டுகளில் நோய் ஐரோப்பாவை எட்டியது. கூண்டிலும் தோலிலும் இறைச்சியிலும் அக்கிருமி நெடுநாள் உயிரோடிருக்கும்; எனவே முயல் வாங்கும்போது கூண்டையும் சேர்த்து மலிவாக வாங்குவது இலாபம் ஆகாது. 2020-இல் டென்மார்க்கில் உரோமத்துக்காக வளர்த்த மிங்க் பிராணிகள் ஒன்றரைக் கோடிக்கு மேல் கொரோனா தொற்றின் காரணமாகக் கொல்லப்பட்டதும் இந்த வரிசையைச் சேர்ந்ததே.

நோய் எப்போதும் வெளியிலிருந்து நம்மிடம் வருவது என்றும் கருதலாகாது. 1920-இல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குச் சென்ற மாடுகள் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் சில காலம் தங்கின. அவற்றோடு வெக்கை நோய் இறங்கி அந்நாட்டு மாடுகளைத் தாக்கியது. அந்தச் சேதத்தின் விளைவாகவே 1924-இல் பாரிஸ் நகரில் 28 நாடுகள் கூடி, பிராணி நோய்களுக்கென ஓர் உலக அமைப்பைத் தோற்றுவித்தன. வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிந்தது என 2011-இல் அறிவிக்கப்பட்டது.

நம் நாட்டில் இதற்கு ஆதாரமானது 1898-ஆம் ஆண்டின் கால்நடை இறக்குமதிச் சட்டம். 2001-இல் அது திருத்தப்பட்டு இறைச்சி, முட்டை, பால் பொருள்கள், வளர்ப்புப் பிராணிகளின் உணவு ஆகியவற்றுக்கும் விரிவாயிற்று. சென்னை முதலிய இடங்களில் மத்திய சர்க்காரின் குவாரன்டைன் நிலையங்கள் உள்ளன. குவாரன்டைன் என்பது தண்டனையன்று. கிருமி உடலில் புகுந்தது முதல் நோய் வெளிப்படும்வரை உள்ள காலத்தைக் காத்திருந்து பார்க்கும் ஏற்பாடு அது.

வெறிநாய்க்கடி நோய்க்கு அக்காலம் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் நீள்வதால், பிரிட்டனில் 2000-ஆம் ஆண்டுவரை அயல்நாட்டு நாய்களை ஆறு மாதம் அடைத்து வைத்தார்கள். இந்தியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு நாயைக் கொண்டுசெல்ல, அடையாளச் சில்லு பொருத்தித் தடுப்பூசி போட்டு, குறைந்தது 30 நாள் கழித்து இரத்தத்தைச் சோதித்து, அதன்பின் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். அடைத்து வைத்தல் இரத்தச் சோதனையாக மாறியிருக்கிறது. காத்திருத்தல் மட்டும் மாறவில்லை.

இங்கே வருபவருக்கு விதி இது: இரண்டாண்டு அயல்நாட்டில் வசித்துக் குடி மாறி வருபவர், சொந்த வளர்ப்புப் பிராணிகள் இரண்டை, புறப்படும் நாட்டு அரசாங்கக் கால்நடை வைத்தியரின் சான்றுடனும் தடுப்பூசிச் சான்றுடனும் கொண்டுவரலாம். இது பெரும்பாலும் நாய்க்கும் பூனைக்கும் பயன்படும் சலுகை. கிளிக்கு இதை நம்பிப் புறப்படலாகாது. அனுமதியைப் பிராணி ஏறுமுன் பெறவேண்டும், இறங்கிய பின்னன்று. விற்பனைக்காக நாய்களை இறக்குமதி செய்து குட்டி ஈனவைப்பதற்கு 2016-இல் தடை விதிக்கப்பட்டது. பாங்காக்கிலிருந்து பெட்டிகளில் மறைத்துக் கொண்டுவரும் பிராணிகள் சென்னை விமான நிலையத்தில் பலமுறை பிடிபட்டு வந்த நாட்டுக்கே அனுப்பப்பட்டன. அப்படிப் பிடிபடாது தப்பியவைதான் சந்தையில் "அபூர்வப் பறவை" என்று நம்மிடம் வருகின்றன.

அயல்நாட்டு உயிரினங்களிற் பல, 2024-இல் வந்த விதிகளின்படி வனத்துறையில் பதிவு செய்யப்பட வேண்டியவை. ஆகவே கிளியோ முயலோ வாங்குபவர் பதிவுச் சான்றையும், எங்கிருந்து வந்தது என்ற விவரத்தையும் எழுத்தில் கேட்பது அவசியம். இவை இல்லாத அலகுக்குச் சங்கத்தில் கடன் கோரும்போது நிர்வாகக் குழுவினர் தயங்குவதே நியாயம். 2012-இல் ஈமு வளர்ப்பில் கொங்கு நாட்டார் பட்ட நஷ்டம் நோயினால் வந்ததன்று எனினும், பிராணியைப் பற்றி விசாரியாமல் விளம்பரத்தை நம்பியதால் வந்தது.

வீட்டில் கூண்டுப் பறவை வைத்திருப்போர், அதற்குத் தீனி வைத்த கையோடும் அதே செருப்போடும் கோழிக் கொட்டகைக்குள் நுழையலாகாது. புதிதாக வாங்கிய பறவையைக் கொட்டகைக்கு எட்டாத் தொலைவில் சில வாரங்கள் வைத்துப் பார்க்கலாம். மேலே சொன்ன காரணத்தால் அதுவும் முழுக்காப்பு ஆகாது. கோழிகள் திடீரென்று மடிந்தால், இறந்தவற்றை இரட்டைப் பையில் கட்டிப் பனிக்கட்டியிலிட்டு, அழுகுமுன் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குச் சோதனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். எஞ்சியவற்றை அவசர அவசரமாக விற்பதும், செத்தவற்றை வாய்க்காலில் எறிவதும் ஆகாது. கல்லூரியார் முடிவு சொல்லும்வரை முட்டை அட்டைகளையும் வண்டியையும் பண்ணையிலேயே நிறுத்தி வைக்கவும்.