வாடுவது இலை, காரணம் வேரில்

காலையில் செழிப்பாக நின்ற தக்காளிச் செடி நண்பகலில் தலைசாய்கிறது. நீர் ஊற்றினாலும் நிமிர்வதில்லை. சில நாட்களில், இலைகள் பச்சையாக இருக்கும்போதே செடி மடிந்துவிடுகிறது. இது ரால்ஸ்டோனியா என்னும் பாக்டீரியா உண்டாக்கும் வாடல் நோய். மலேசியா போன்ற வெப்ப நாடுகளில் மிளகாயையும் கத்தரியையும்கூட இது விட்டுவைப்பதில்லை.

அந்தக் கிருமி வேருக்குள் எப்படி நுழைகிறது? வேரில் காயம் இருந்தால் அதன் வேலை எளிதாகிறது. அத்தகைய காயத்தை உண்டாக்குபவற்றுள் ஒன்று நூற்புழு.

வேர்முடிச்சு நூற்புழுவின் குஞ்சு அரை மில்லிமீட்டர் நீளம்கூட இருக்காது. வாயிலுள்ள ஊசி போன்ற உறுப்பால் இளம் வேரைத் துளைத்து உள்ளே தங்கிவிடும். அந்த இடம் முடிச்சாக வீங்கும். ஒரு பெண் புழு நூற்றுக்கணக்கான முட்டைகளை இடும். வெப்பமான மண்ணில் ஏறக்குறைய ஒரே மாதத்தில் அடுத்த தலைமுறை தயாராகிவிடும்.

இந்தக் கூட்டு புதிதல்ல. முடிச்சு விழுந்த பருத்தி வேர்களில் பூஞ்சண வாடல் நோய் கடுமையாவதை 1892ஆம் ஆண்டிலேயே அமெரிக்க ஆய்வாளர் ஜார்ஜ் அட்கின்சன் எடுத்துக்காட்டினார். வேறு சில நூற்புழுக்கள் கிருமியைத் தாமே சுமந்தும் செல்கின்றன. திராட்சைக் கொடியைத் தாக்கும் ஒரு வைரஸை நூற்புழு பரப்புவது 1958ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் நிரூபிக்கப்பட்டது.

நூற்புழு தானாக வெகுதூரம் நகராது. அதை ஊர் ஊராகக் கொண்டு செல்வது பெரும்பாலும் மனிதர்களே. மண்வெட்டியிலும் காலணியிலும் ஒட்டிய மண், நோயுள்ள நாற்று, ஓடும் நீர் ஆகியவையே அதன் வாகனங்கள்.

வாடிய செடியின் தண்டை வெட்டி, ஒரு கண்ணாடிக் குவளையில் தெளிந்த நீருக்குள் தொங்கவிட்டுப் பார்க்கலாம். சில நிமிடங்களில் பால் போன்ற இழை வழிந்தால் அது பாக்டீரியா வாடலின் அறிகுறி. பின்னர் வேரையும் தோண்டிப் பார்க்க வேண்டும். முடிச்சுகள் தென்பட்டால் நூற்புழுவும் உள்ளது என்பது உறுதி.

இந்த வாடல் நோய் வந்தபின், இலைக்கு மருந்து தெளிப்பதால் பணம்தான் கரையும். செடியை வேரோடு அகற்ற வேண்டும். அதை உரக்குழியில் போடக்கூடாது. அதே இடத்தில் மீண்டும் தக்காளி, மிளகாய், கத்தரி நடுவதைத் தவிர்க்க வேண்டும். செண்டுப்பூச் செடிகளை நெருக்கமாக வளர்ப்பது பல வகை நூற்புழுக்களைக் குறைக்க உதவும். நாற்று வாங்கும்போது இலையின் பசுமையோடு வேரையும் பார்த்து வாங்குவது, தோட்டத்தையே காப்பாற்றக்கூடும்.