அண்ணா, கேக் எங்கே?

கணக்குப் பரீட்சை எழுதிவிட்டு அண்ணன் வீட்டுக்கு வருகிறான். "எப்படிடா எழுதினே?" என்று அப்பா கேட்கிறார். "பீஸ் ஆஃப் கேக் அப்பா!" என்கிறான். உடனே தங்கை ஓடி வந்து, "எனக்கு எங்கேண்ணா கேக்?" என்று கையை நீட்டுகிறாள்!

சிரிப்பு வருகிறதா குட்டீஸ்? 'ரொம்ப சுலபம்' என்பதைத்தான் அண்ணன் அப்படிச் சொன்னான். வார்த்தைக்கு வார்த்தை அர்த்தம் பார்த்ததால் தங்கை ஏமாந்து போனாள். இப்படி நேர் பொருளை விட்டு வேறு பொருள் தரும் தொடர்களை ஆங்கிலத்தில் 'இடியம்' என்பார்கள். தமிழில் மரபுத்தொடர்.

"அவன் எனக்கு அல்வா கொடுத்துட்டான்" என்று நீங்கள் சொன்னால், தமிழ் கற்கும் ஓர் ஆங்கிலேயர், "இனிப்பாக இருந்ததா?" என்றுதானே கேட்பார்!

இத்தகைய தொடர்கள் மனதில் நிற்க ஒரு வழி, அவற்றின் பின்னால் உள்ள கதையைத் தெரிந்துகொள்வது. இதோ சில...

தெரியாத கண்

'டர்ன் எ பிளைண்ட் ஐ' என்றால், பார்வை இல்லாத கண்ணைத் திருப்புவது.

நெல்சன், இங்கிலாந்தின் புகழ்பெற்ற கடற்படைத் தளபதி. 1794-ல் கோர்சிகா தீவில் நடந்த சண்டையில் அவரது வலது கண் பார்வை போய்விட்டது. 1801 ஏப்ரல் 2-ம் தேதி டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகருக்கு அருகே கடும் கடற்போர். 'சண்டையை நிறுத்து' என்று மேலதிகாரியின் கப்பலில் கொடி ஏறியது. நெல்சனுக்கோ பின்வாங்க மனமில்லை. தொலைநோக்கியைப் பார்வையற்ற கண்ணில் வைத்துப் பார்த்து, தனக்குக் கொடி எதுவும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டாராம்! போரைத் தொடர்ந்து, வெற்றியும் பெற்றார்.

ஆக, 'தெரிந்தும் தெரியாதது போல இருப்பது' என்பதுதான் பொருள். இங்கே கவனம் தேவை. மாணவர்கள் பேசியதை ஆசிரியர் கவனிக்கவில்லை என்று எழுத நினைத்து, இந்தத் தொடரைப் போட்டுவிடாதீர்கள். 'வேண்டுமென்றே கண்டுகொள்ளாமல் விட்டார்' என்று அவர் மீது பழி போட்டது போலாகிவிடும்!

நியூகாசிலுக்கு நிலக்கரி

'கேரியிங் கோல்ஸ் டு நியூகாசில்' என்று ஒரு தொடர். நியூகாசில், இங்கிலாந்தின் வடகிழக்கில் உள்ள துறைமுக நகரம். பல நூற்றாண்டுகளாக லண்டனுக்கு அங்கிருந்துதான் கப்பல் கப்பலாக நிலக்கரி போனது. அந்த ஊருக்கே ஒருவர் நிலக்கரி கொண்டுபோனால்? வீண் வேலை! நாம் 'கொல்லன் தெருவில் ஊசி விற்பது' என்கிறோம். 'திருப்பதிக்கே லட்டா?' என்பதும் இதுதான்.

வெள்ளை யானை

இன்றைய தாய்லாந்துக்கு அன்று சயாம் என்று பெயர். அங்கே வெள்ளை யானை புனிதமானது. அதை வேலை வாங்கக் கூடாது. தனக்குப் பிடிக்காதவருக்கு மன்னர் ஒரு வெள்ளை யானையைப் பரிசளிப்பாராம். தீனி போட்டே அவர் ஏழையாகிவிடுவார் என்பது கதை. பயனில்லாமல் செலவு வைக்கும் பொருளை 'ஒயிட் எலிஃபண்ட்' என்பது இதனால்தான். நம் வீட்டுப் பெரியவர்களும் 'யானையைக் கட்டித் தீனி போடுவது போல' என்பார்களே!

பூனையும் நாயும்

கனமழையை 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்பார்கள். கூரையில் படுத்திருந்த பூனையும் நாயும் மழையில் வழுக்கி விழுந்ததால் வந்தது என்று ஒரு கதை உண்டு. சுவையான கதைதான், ஆனால் ஆதாரம் இல்லை. கேட்கும் கதையையெல்லாம் அப்படியே நம்பிவிடக் கூடாது!

நீங்கள் என்ன செய்யலாம்?

ஒரு சிறிய நோட்டுப் போடுங்கள். புதிய தொடர், அதன் பொருள், அதே பொருள் தரும் தமிழ்த் தொடர், நீங்களே அமைத்த ஒரு வாக்கியம் என்று எழுதி வாருங்கள். பொருளில் சந்தேகம் இருந்தால், பரீட்சையில் அந்தத் தொடரை எழுதாதீர்கள். எளிய சொல்லே போதும்.

இனி அண்ணன் "பீஸ் ஆஃப் கேக்" என்று சொன்னால் கையை நீட்டாதீர்கள் குட்டீஸ்... கை குலுக்குங்கள்!